டெல்லி பி.ஆர்.டி. பஸ் தடம்: பாதைக்கு மார்க் உண்டு, ஜங்ஷனுக்கு முட்டை

தெற்கு டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, சாலையின் நட்டநடுவே பஸ்ஸுக்கென்று தனிப்பாதை; பி.ஆர்.டி. (விரைவு பஸ் போக்குவரத்து) என்றால் இதுதான். 2008 ஏப்ரலில் வெள்ளோட்டம் விட்டார்கள், 2016 ஜனவரியில் இடிக்க ஆரம்பித்தார்கள். டெல்லி கேட் வரை 14.5 கி.மீ. என்பது திட்டம், போட்டது 5.8 கி.மீ.தான். ஐ.ஐ.டி. டெல்லியின் வடிவமைப்பு.

இரண்டு சிக்னலுக்கு நடுவே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓரத்தில் நிற்கும் ஆட்டோ, குறுக்கே நுழையும் கார் எதுவும் கிடையாது. அந்தச் சாலையில் போன வண்டிகளில் பஸ் கொஞ்சம்தான், ஆனால் போன ஆட்களில் பாதிக்கு மேல் பஸ்ஸில்தான் போனார்கள். ‘காலியாகக் கிடக்கிற லேன்’ என்று கார்க்காரர்கள் புலம்பியதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சேவை சொதப்பியது ஜங்ஷனில். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பஸ் நடுவில் என்றால் கார் அதற்கு இடப்புறம். வலப்பக்கம் திரும்பும் கார், நேரே போகும் பஸ்ஸை வெட்டும். இடப்பக்கம் திரும்பும் பஸ், நேரே போகும் காரை வெட்டும். இவற்றுக்கு ஒரே நேரத்தில் பச்சை தர முடியாது, தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கப் பிரிக்க சிக்னல் சுற்று நீளும். அவுட்டர் ரிங் ரோடு குறுக்கிடும் சிராக் டில்லியில் காத்திருப்பு நிமிடக்கணக்கில் போனது இதனால்தான். தனிப்பாதையில் மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பங்கை பஸ்ஸும் இங்கே வட்டியோடு திருப்பிக் கட்டியது.

நிறுத்தம் வைத்த இடம் அடுத்த வில்லங்கம். சிக்னல் கோட்டுக்குச் சற்று முன்னால் பிளாட்பாரம். எப்படியும் சிவப்பில் நிற்கத்தானே போகிறது, அப்போதே ஆள் ஏறட்டும் என்பது யோசனை. காகிதத்தில் சரிதான். பச்சை விழும்போது முதல் பஸ் இன்னும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தால் பின்னால் உள்ளவை எல்லாம் பச்சையைப் பார்த்தபடி நிற்கும். பின்னால் மாட்டிய பஸ் அங்கேயே ஒருமுறை ஆளை இறக்கும், முன்னால் வந்து மறுபடி நிற்கும். எந்த இடத்தில் கதவு திறக்கும் என்று தெரியாமல் பயணிகள் பிளாட்பாரத்தில் முன்னும் பின்னும் ஓடுவார்கள். அந்தப் பிளாட்பாரத்துக்கு வரவே முதலில் கார் லேனைக் கடக்க வேண்டும். தன் பஸ் கண்ணில் பட்டுவிட்டால் நடைச் சிக்னலுக்கு யார் காத்திருப்பார்கள்?

டிக்கெட் ஏற்பாடும் பழையபடியே, ஏறிய பிறகு நடத்துனரிடம். ஆரம்ப ஆண்டுகளில் டி.டி.சி.யின் (டெல்லி அரசுப் போக்குவரத்துக் கழகம்) தாழ்தள பஸ், படி உயர்ந்த தனியார் புளூலைன், ஒப்பந்த பஸ், பள்ளி பஸ் என எல்லாமே இதே லேனில். பிளாட்பார உயரம் ஒன்றுக்குப் பொருந்தினால் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒரு திசைக்கு ஒரே லேன், இருபுறமும் தடுப்பு என்பதால் ஒரு வண்டி பழுதாகி நின்றால் போதும், பின்னால் வருவது ஒதுங்க வழியில்லை.

2009 அக்டோபரில் அகமதாபாத் ஆர்.டி.ஓ.–பிரானா இடையே 12.5 கி.மீ.க்குத் தொடங்கிய அந்நகர பி.ஆர்.டி.யான ஜன்மார்கை ஒப்பிடுங்கள். ஏறுமுன்பே டிக்கெட், நடு நிலையத்துக்கு ஏற்ற வலப்பக்கக் கதவு, தரைமட்டத்தில் ஏறுதல், இந்தச் சேவைக்கென்றே வாங்கிய பஸ். டெல்லி லேனைப் போட்டது, அதில் ஓடுகிற சேவையைப் போடவில்லை.

தடத்தை எடுக்கச் சொன்ன மனுவை 2012 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015 ஜூலையில் மாநில அரசே அகற்ற முடிவெடுத்தது. பஸ்ஸுக்கு 5-இல் இரண்டரை தரலாம். இதே தடத்தில் இருந்த சைக்கிள் பாதைக்குத் தனியாக மூன்றரை. பைக்குகள் உள்ளே புகாமல் காவல் இருந்திருந்தால் நான்கு.