கடல்குதிரைத் தொட்டிக்கு ஐப்டேசியா-எக்ஸ் போதுமா?

கடல்குதிரை எதையாவது வாலால் பற்றிக்கொண்டுதான் நிற்கும். பற்றிய பாறையில் ஐப்டேசியா (தொட்டியில் களைபோலப் பரவும், கொட்டும் சிறு கடல் அனிமோன்) இருந்தால் வாலில் கொட்டு விழும், அந்தப் புண்ணில் பாக்டீரியா ஏறும். அதற்காகக் கத்தியால் சுரண்டிவிடாதீர்கள். பாறையில் மிஞ்சும் சிறு துணுக்கும் முழுசாக வளர்ந்துவிடும்.

அதைக் கொல்ல ரெட் சீ நிறுவனம் விற்கும் ஐப்டேசியா-எக்ஸ் மருந்து நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பூசும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் கடல்குதிரைகளை வலைத்தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒதுக்குங்கள். மிதக்கும் மருந்தின் வெள்ளைத் துணுக்கை அவை இரையென்று உறிஞ்சிவிடக்கூடும். பம்புகளை நிறுத்தி, புட்டியை நன்றாகக் குலுக்கி, விரிந்திருக்கும் ஐப்டேசியாவின் வாய்க்கு நேர் மேலே சிரிஞ்சின் முனையைக் கொண்டுபோய்ச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முனை பட்டால் அது சுருங்கிப் பொந்துக்குள் போய்விடும். மருந்து மேலே படியும், உள்ளே போகாது. 'மருந்து கேட்கவில்லை' என்பவர்கள் பலர் தவறுவது இங்கேதான். விழுங்கிச் சுருங்கியதும் மேலே இன்னும் கொஞ்சம் விட்டு மூடுங்கள். கால் மணி நேரம் கழித்து வெள்ளைப் படிவை ஏர்லைன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு பம்பைப் போடுங்கள். பம்ப் நின்றால் சில்லருக்கும் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) தண்ணீர் போகாது. 22–24 டிகிரியில் வைக்க வேண்டிய தொட்டி சிங்கப்பூர்ச் சூட்டில் ஏறிக்கொண்டே போகும், மறந்துவிடாதீர்கள். சிறிய தொட்டியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்ல வேண்டாம். அழுகும் உடல்களே தண்ணீரைக் கெடுக்கும்.

பாறையின் பின்புறம், பொந்துகள், சம்ப் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) ஆகியவற்றில் இருப்பவை சிரிஞ்சுக்கு எட்டாது. அங்கே பெர்கியா கடல் நத்தைதான் சரி. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, ஆனால் மெதுவாகத்தான் வேலை நடக்கும். ஐப்டேசியாவைத் தின்னும் என்று பலர் வாங்கும் பெப்பர்மின்ட் இறாலை அதோடு சேர்க்காதீர்கள், பெர்கியாவையே தின்றுவிடலாம். கடல்குதிரைத் தொட்டியில் அந்த இறாலை நாங்கள் நம்புவதும் இல்லை: கடல்குதிரைக்குப் போடும் மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) தாராளமாகக் கிடைக்கும்போது அது ஐப்டேசியா பக்கம் போகாது. ஐப்டேசியாவைத் தின்னும் காப்பர்பேண்ட் மீனும் வேண்டவே வேண்டாம், கடல்குதிரையின் சாப்பாட்டை முந்திக்கொண்டு தின்றுவிடும்.

கடல்குதிரைக்கு வயிறு கிடையாது, தினமும் இரண்டு மூன்று வேளை போட்டாக வேண்டும். மிஞ்சும் மைசிஸ்தான் ஐப்டேசியாவுக்கும் தீனி. உணவுத்தட்டு வைத்து, மிச்சத்தை அரை மணிக்குள் உறிஞ்சிவிடுங்கள். இதைச் செய்யாத தொட்டிக்கு எத்தனை புட்டி வாங்கினாலும் பத்தாது. முன்கண்ணாடியில் எண்ணும்படி நாலைந்து தெரிந்தால் ஐப்டேசியா-எக்ஸ் வாங்குங்கள். பாறை முழுக்கப் பரவியிருந்தால் அந்தக் காசைப் பெர்கியாவுக்குக் கொடுங்கள்.