பெடிகிரி கிரேவி பவுச்: ட்ரை ஃபுட்டைத் தொடாத நாய்க்கு எந்த அளவுக்கு உதவும்?

நம் ஊரில் எந்தக் கம்பெனி ட்ரை ஃபுட் என்றாலும் பேர் "பெடிகிரி"தான். அந்தப் பேரிலேயே வரும் 70 கிராம் கிரேவி பவுச்சைப் பெரும்பாலும் வாங்குவது, தட்டில் கொட்டியதை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் நாயை வைத்திருப்பவர்கள். சிக்கன் - லிவர் வகையை வாங்கினால் வேலை நடக்கும். ஆனால் கடையில் சொல்வதுபோல அப்படியே மேலே பிழிந்துவிட்டால் நடக்காது.

காரணம், உள்ளே இருப்பது கூழ் இல்லை, துண்டுகள். பிழிந்த பவுச் தட்டின் நடுவில் குவியலாக உட்காரும். சாமர்த்தியமான நாய் நாக்கால் துழாவி இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கிரேவி பட்ட நாலு கிபிளை (ட்ரை ஃபுட் உருண்டைகளை) நக்கிச் சுத்தமாக்கி அப்படியே வைத்துவிடும். தட்டில் மிச்சம் இருப்பது பளபளவென்று ஈரமான கிபிள். பொமரேனியனும் ஷிட்ஸுவும் இதில் கெட்டிக்காரர்கள்.

சரியான முறை இது. 10 கிலோ எடையுள்ள, வீட்டுக்குள் வளரும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி போதும். 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள ட்ரை ஃபுட் என்றால் 180 கிராம், வேளைக்கு 90. முதலில் அதைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம், கிபிளின் அளவைப் பொறுத்து எடை மாறும். அரை பவுச்சை ஒரு கிண்ணத்தில் எடுத்து முள்கரண்டியால் துண்டே தெரியாதபடி மசியுங்கள். மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ரசம் பதத்துக்குக் கரைத்து, கிபிள் மேல் ஊற்றிக் கையாலேயே பிசறுங்கள். ஒவ்வொரு கிபிளிலும் பூச்சு ஏற வேண்டும். ஐந்து நிமிடம் விட்டு வையுங்கள்.

தண்ணீரின் சூடுதான் இதில் பாதி வெற்றி. நாய் சாப்பாட்டை மூக்கால்தான் முடிவு செய்கிறது. சூடு ஏறினால்தான் கொழுப்பின் வாசனை எழும். மணிக்கட்டில் விட்டால் இதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீர் விட்டால் கிபிளின் மேல்தோல் கொழகொழவென்று ஆகி, உள்ளே கல்லாகவே இருக்கும், வாயும் சுடும். சில நாய்களுக்கு பவுச்சே தேவைப்படாது, இந்த வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் போதும். அதனால் வாங்குவதற்கு முன் இரண்டு நாள் அதை முயன்று பாருங்கள்.

பிரித்த பவுச்சை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காமல், மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி அடுத்த நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிரேவி உறைந்து வாசனையே இல்லாமல் இருக்கும்; டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். பவுச்சில் உலோகத்தாள் கலந்திருக்கக்கூடும் என்பதால் மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

அளவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இப்படி மேலே சேர்ப்பது எதுவாக இருந்தாலும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 10 கிலோ நாய்க்கு அது சுமார் 63 கலோரி, ஏறக்குறைய ஒரு பவுச். அதைக் கொடுக்கும் நாளில் கிபிளில் சுமார் 18 கிராம் குறைக்க வேண்டும். 5 கிலோ நாய்க்கு நாளுக்கு அரை பவுச்சுக்குக் கொஞ்சம் மேல் போகலாம். லேப்ரடாருக்கு இரண்டு மூன்று பவுச் எதற்கு? வாசனைக்குப் பாதியே தாராளம்.

சாப்பிட ஆரம்பித்ததும் ஒரு வாரத்தில் குறைத்துக்கொண்டே வாருங்கள்: வேளைக்கு அரை, பிறகு கால், பிறகு ஒரு கரண்டி. தட்டை 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். நனைத்த கிபிள் நம் வெயிலில் சீக்கிரம் புளிக்கும். வேண்டாம் என்று திரும்பிப் போன நாய்க்கு உடனே கோழித் துண்டைக் காட்டினால், "மறுத்தால் நல்லது வரும்" என்ற பாடத்தை அது ஒரே நாளில் படித்துவிடும். இடையில் பிஸ்கட், முறுக்கு எதுவும் கூடாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் வளர்ந்த நாய்க்கு ஒருவேளை தவறினால் ஒன்றும் ஆகிவிடாது.

செலவு பார்ப்பவர்களுக்கு வீட்டு சிக்கன் தண்ணீர் இதைவிட நல்லது. 100 கிராம் எலும்பில்லாத கோழியை அரை லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து, ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு ஐஸ் ட்ரேயில் ஊற்றி வையுங்கள். வேளைக்கு ஒரு கட்டியை உருக்கி ஊற்றலாம். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் துளிகூடக் கூடாது, அவை நாயின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். மிஞ்சிய கோழிக்குழம்பும், கடையில் விற்கும் சூப் கட்டியும் அதனால்தான் ஆகாது.

பவுச் ஊற்றியும் நாய் தொடவில்லை என்றால் கிபிள் மூட்டையை மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் சிக்கு வாசனை வந்தால் நாயின் மேல் தப்பில்லை. பெரிய மூட்டையைப் பிரித்து லூஸாக விற்கும் கடைகளில் வாங்குவதைத் தவிருங்கள். எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. சின்னப் பாக்கெட்டாக வாங்கி, ஒரு மாதத்துக்குள் முடித்து, அந்தப் பாக்கெட்டோடேயே டப்பாவில் வையுங்கள். டப்பாவில் நேராகக் கொட்டினால் அடியில் படியும் பழைய கொழுப்பு புதுசையும் கெடுக்கும்.

கிபிளை வாயில் எடுத்துக் கீழே போடுகிற நாய்க்குப் பல்லோ ஈறோ வலிக்கலாம். நேற்றுவரை ஒழுங்காகச் சாப்பிட்டது திடீரென்று நிறுத்தி, சோர்ந்து, ஈறு வெளுத்து, உடம்பு கொதித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பவுச்சை மாற்றி மாற்றி வாங்கி நாளைக் கடத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் முழுசாக ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். குட்டிகளுக்கு அதில் பாதி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். சிறுநீரகத்துக்கோ கணையத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்த தனி உணவில் இருக்கும் நாய்க்கு, அவரைக் கேட்காமல் இந்த பவுச்சில் ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது.