சிறு கனெக்டர்கள்: டியூபான்ட்டா, எக்ஸ்ஹெச்சா, பிஹெச்சா?

பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் சோதனைப் பலகையில்) ஒழுங்காக ஓடிய சர்க்யூட், டப்பாவுக்குள் அடைத்ததும் மக்கர் செய்தால், நான் புரோகிராமைத் திறப்பதற்கு முன் வயர் முனைகளை ஆட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

டியூபான்ட் என்று எல்லோரும் அழைக்கும் கறுப்பு ஹவுசிங்கில் (கனெக்டரின் பிளாஸ்டிக் கூட்டில்) பின்களுக்கு இடையிலான தூரம் 2.54 மி.மீ.; ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போர்டுகளின் ஹெடர்களில் (பின் வரிசைகளில்) நேராகப் பொருந்துவதால் சோதனைக்கு அதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் அதில் பூட்டும் இல்லை, திசை காட்டும் பள்ளமும் இல்லை. ஒருமுறை மூன்று பின் சென்சார் ஒன்றை ஒரு பின் அளவு பக்கவாட்டில் தள்ளிச் செருகிவிட்டேன். சிக்னல் காலுக்கு 5 வோல்ட் போய், சென்சார் அதோடு முடிந்தது. நிரந்தரமாக நிற்க வேண்டிய இணைப்புக்கு நான் இதைப் பயன்படுத்துவதை அன்றே விட்டுவிட்டேன்.

அந்த இடத்துக்கு என் தேர்வு, ஜே.எஸ்.டி. நிறுவனத்தின் எக்ஸ்ஹெச் வகை. சுற்றுச்சுவர் உள்ள ஹெடர் என்பதால் திருப்பிச் செருக இடம் தராது. 22 கேஜ் (வயரின் தடிமன் அளவு; எண் கூடினால் வயர் மெலியும்) வயருடன் 3 ஆம்பியர் வரை தாங்கும். இறுக்கமாக உட்காருவதால் அதிர்வுக்கும் எளிதில் கழலாது. இதன் இடைவெளி 2.5 மி.மீ. என்பதையும், 2.54 அல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 2.54 மி.மீ. இடைவெளியில் துளையிட்ட பலகையில் மூன்று, நான்கு பின் வரை வித்தியாசமே தெரியாது; எட்டுப் பின் ஹெடரில் அது 0.28 மி.மீ. ஆகச் சேர்ந்து, கடைசிக் கால் துளைக்குள் இறங்க அடம்பிடிக்கும். நீண்ட ஹெடர் தேவைப்பட்டால், 2.54 இடைவெளியே கொண்ட மோலெக்ஸ் கேகே வகையை எடுப்பது நல்லது.

அதே ஜே.எஸ்.டி.யின் பிஹெச் வகை 2 மி.மீ. இடைவெளியும், 24 கேஜ் வயரில் 2 ஆம்பியர் தாங்குதிறனும் கொண்டது. ஒற்றைச் செல் லித்தியம் பேட்டரிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இங்கே ஓர் ஆபத்து உண்டு: ஹவுசிங் தவறாகச் செருகுவதைத் தடுக்குமே தவிர, எந்தக் கால் பாசிட்டிவ் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சிவப்பு வயரை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்த பிறகே செருகுங்கள்.

1 மி.மீ. இடைவெளியுள்ள எஸ்ஹெச் வகை, க்விக், ஸ்டெம்மா க்யூடி என்ற பெயர்களில் விற்கும் சிறு சென்சார் போர்டுகளில் வருவது. அதைக் கையால் கிரிம்ப் செய்யும் (வயர் முனையில் காண்டாக்ட் என்ற உலோகத் துண்டை அழுத்திப் பொருத்தும்) பொறுமை எனக்கில்லை, தயாராகக் கிடைக்கும் கேபிளையே வாங்கிவிடுவேன். தடித்த வயருக்கு ஸ்க்ரூ டெர்மினல் போதும். அதில் வயர் முனைக்கு ஈயம் பூசாதீர்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

உண்மையில் எந்த வகை என்பதைவிட அதை எப்படிக் கிரிம்ப் செய்கிறோம் என்பதில்தான் இணைப்பின் ஆயுள் இருக்கிறது. காண்டாக்டில் இரண்டு ஜோடி இறகுகள் இருக்கும்: முன்ஜோடி செம்பு இழைகளைக் கவ்வ வேண்டும், பின்ஜோடி இன்சுலேஷனைக் கவ்வ வேண்டும். சுமார் 2 மி.மீ. அளவுக்கு உரித்தால், இன்சுலேஷனின் விளிம்பு இரு ஜோடிகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் வந்து நிற்கும், முன்ஜோடியைத் தாண்டி இழை நுனிகள் இம்மியளவு தெரியும். இன்சுலேஷன் முன்ஜோடிக்குள் நுழைந்துவிட்டால், பார்வைக்கு அழகாக இருந்தாலும் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் பாயும். எஸ்என்-28பி போன்ற ராட்செட் பிளையர் டியூபான்ட்டுக்கும் எக்ஸ்ஹெச்சுக்கும் ஏறக்குறையச் சரிவரும். பிஹெச் காண்டாக்டை அது நசுக்கிவிடுகிறது என்பது என் அனுபவம். 1.0, 1.4, 1.6, 1.9 மி.மீ. என நான்கு பள்ளங்கள் உள்ள பிஏ-09 பிளையர் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக அழுத்தச் சொல்லும். வேலை மெதுவாகும், ஆனால் பிசகு குறையும். சரியாகப் பிடிக்காத கிரிம்பைச் சோல்டர் விட்டு ஒப்பேற்றும் பழக்கமும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்து, அது முடியும் இடத்திலேயே வயர் ஒடியும்.

காண்டாக்டை ஹவுசிங்கில் தள்ளும்போது 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும். வந்ததும் வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். காண்டாக்டைத் தவறான துளையில் செருகிவிட்டால், டியூபான்ட்டில் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கினால் காண்டாக்ட் வழுக்கி வெளியே வரும். எக்ஸ்ஹெச்சில் ஜன்னல் வழியே தெரியும் உலோக நாக்கை அழுத்த வேண்டும். அப்படி எடுத்த எக்ஸ்ஹெச் காண்டாக்டின் நாக்கை மீண்டும் சற்று நிமிர்த்திய பிறகே உள்ளே தள்ளுங்கள். படிந்த நாக்கு ஹவுசிங்கில் பிடிக்காமல், ஹெடரில் செருகும்போது பின்னோக்கி நழுவிவிடும்.