ஸ்கிட் ஸ்டீருக்குப் புதர்வெட்டி செய்யக் கொடுத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பட்டறையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் புதர்வெட்டிக்காகக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், நாளைக் காலையே அங்கே போங்கள். பெயின்ட் அடிப்பதற்குள் போய்விடுங்கள். நான் போகவில்லை. அதனால் ஒரு பெண்ணின் உயிர் போகத் தெரிந்தது.

என்னிடம் இருப்பது பழைய ஸ்கிட் ஸ்டீர் லோடர், முன்னால் வாளியோ வேறு கருவியோ மாட்டி ஓட்டும் சின்ன வண்டி. எந்தக் கம்பெனி வண்டியானாலும் எங்கள் பக்கம் பாப்கேட் என்றுதான் சொல்வார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வாடகைக்கு ஓட்டுகிறேன், ஓட்டுநரும் நானே. இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வருடம் உழாமல் போட்ட நிலம் முள்ளுக்காடாகிவிடும். பெரிய மரத்தைக் கரிமூட்டம் போடுபவர்கள் வெட்டிக்கொள்வார்கள். இடையில் கிடக்கும் விரல் கனத்துக் கன்றுகளையும் மணிக்கட்டுக் கனத்துப் புதர்களையும் வெட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. வண்டியின் முன்னால் ஒரு புதர்வெட்டியை மாட்டினால் அந்த வேலை முழுவதும் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டேன். கம்பெனி புதர்வெட்டியின் விலை என் வண்டியின் விலையை நெருங்கியது. அதனால் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்தேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, வழக்கு நடக்கிறது.

பேசிய விலை 1,60,000 ரூபாய். முன்பணம் 1,00,000. ஒரு வெள்ளைத் தாளில் பட்டறை முதலாளியே கைப்பட எழுதினார்: ஐந்தடி அகலம், மேல் தகடு 10 மில்லிமீட்டர், புதிய 63 சிசி கியர் மோட்டார் (வண்டியின் ஆயில் அழுத்தத்தில் சுற்றுவது, ஒரு சுற்றுக்கு 63 சிசி ஆயில் பிடிக்கும்), டேப்பர் பேரிங் வைத்த தனி ஸ்பிண்டில் (பிளேடு தட்டைத் தாங்கும் அச்சு), இரட்டைக் கம்பிப் பின்னல் ஹோஸ், போல்ட்டில் தொங்கும் ஸ்பிரிங் ஸ்டீல் பிளேடு. “அண்ணே, பில் போட்டால் வரி சேரும். உங்களுக்கு எதற்கு வீண் செலவு?” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். இன்று வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.

மூன்று வாரம் என்றவர் இரண்டரை மாதம் இழுத்தடித்தார். வந்தபோது பளபளவென்று மஞ்சள் பெயின்ட். மேல் தகட்டின் விளிம்பில் கனம் அளக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தேன், சரியாக 10 காட்டியது. மோட்டாரை ஓட்டினால் காது அடைக்கும் வேகம். மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மோட்டாரின் ஆயில் சீல் பிதுங்கி வெளியே வந்தது. போன் செய்தால், “உங்கள் வண்டியில் பிரஷர் அதிகம் அண்ணே” என்றார். புது சீல் வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அதுவும் போனது. வேகமாகச் சுற்றும் பிளேடு மணிக்கட்டுக் கனத் தண்டு மாட்டினாலே திணறி நின்றது. தொடைக் கனத்து மரமே சாயும் என்று சொல்லி விற்ற சாமான் அது.

பதினோராம் நாள் வேலை ஒரு கண்மாய்க் கரை ஓரம். மண்ணுக்குள் மறைந்திருந்த ஓர் அடிக்கட்டையில் பிளேடு மோதியது. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம், வண்டியே குலுங்கியது. இறங்கிப் பார்த்தால் ஒரு பிளேடு பாதியில் இல்லை. முப்பதடி தள்ளி நின்ற பனையில் அந்தத் துண்டு நாலு விரல்கடை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அந்தப் பனைக்கு அந்தப் பக்கம், வெட்டிப்போட்ட விறகைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். பனை மட்டும் அங்கே இல்லையென்றால்? அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்களை அவ்வளவு கிட்டே விட்டது என் தப்பு. நூறு மீட்டருக்குள் யாரையும் விடக் கூடாது. என் வண்டியின் முன்கதவில் வலை மட்டும்தான்; தடித்த பாலிகார்பனேட் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

தட்டில் மிச்சமிருந்த பிளேடின் முறிந்த முகத்தைப் பார்த்தேன். பாதி வெள்ளிபோல மின்னியது. மற்ற பாதி துருவேறிப் பழுப்பாக இருந்தது. எங்கள் ஊர் லேத் பட்டறைப் பெரியவரிடம் காட்டியதும், “தம்பி, இது இன்றைக்கு முறிந்ததில்லை. பாதி விரிசல் முன்பே இருந்திருக்கிறது” என்றார். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தட்டோடு வெல்டிங் செய்திருந்தார்கள். பட்டை நல்ல ஸ்பிரிங் ஸ்டீல்தான். ஆனால் முறையாகச் சூடேற்றாமல், மெதுவாக ஆறவிடாமல் அதன்மேல் வெல்டிங் செய்தால் வெல்டிங் பற்றுக்குப் பக்கத்து இரும்பு கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பிளேடைப் போல்ட்டில் தொங்கவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றும் வேகத்தில் அது தானாக விரிந்து நிற்கும். கட்டையில் மோதினால் பின்னால் மடங்கிக்கொள்ளும். வெல்டிங் செய்தால் மடங்க வழியில்லை, அடி முழுவதும் அந்தப் பற்றில் விழும்.

பெரியவர் பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எனக்கு மிகவும் வலித்தது தகடுதான். நடுவில் ஓட்டை போட்டு அளந்தால் 6 மில்லிமீட்டர். விளிம்பைச் சுற்றி மட்டும் 10 மில்லிமீட்டர் பட்டையை வைத்து வெல்டிங் செய்து, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்குபவன் வெர்னியரை எங்கே வைப்பான் என்று தெரிந்தே செய்த வேலை. எடை மேடைக்குக் கொண்டுபோயிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ வரும். என் மேல்தகடு ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் என்றால் தகடு மட்டுமே 157 கிலோ. 6 என்றால் 94தான். 400 கிலோ என்று சொல்லிக் கொடுத்த சாமான் எடை மேடையில் 310 காட்டியது.

அடுத்தது மோட்டார். எண் பொறித்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஹைட்ராலிக் மெக்கானிக் பிரித்து அளந்தார். பழைய மோட்டார், அதுவும் 40 சிசி. இந்தக் கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். என் வண்டி நிமிடத்துக்கு 65 லிட்டர் ஆயில் தள்ளும். 65,000ஐ 63 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,030 சுற்று. 40 ஆல் வகுத்தால் 1,600ஐத் தாண்டுகிறது. ஐந்தடி அகலத்தில் 1,000 சுற்று என்றால் பிளேடின் முனை மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் போகும். 1,600 என்றால் 450. அதே துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தால் இரண்டரை மடங்கு ஆற்றலோடு வரும். முறுக்குத்திறனோ மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. காதடைக்கும் வேகத்துக்கும் தண்டில் திணறியதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். வேகத்தைப் பார்த்து மயங்கி நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சீல் பிதுங்கியதற்கும் என் வண்டியின் பிரஷருக்கும் சம்பந்தமில்லை. இந்த வகை மோட்டாருக்குள் கசியும் ஆயில் டாங்குக்குத் திரும்ப, கேஸ் டிரெயின் என்று தனியாக ஒரு சிறிய ஹோஸ் வேண்டும். அந்த வாயை ஒரு பிளக் போட்டு அடைத்துவிட்டார்கள். ஆயிலுக்குப் போக வழியில்லை, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு ஹோஸும் ஒரு கப்ளரும் மிச்சம் பிடித்ததில் எனக்கு இரண்டு சீலும் ஒரு வார வேலையும் போயின. ஸ்பிண்டிலும் கிடையாது, பிளேடு தட்டை நேராக மோட்டார் சாஃப்டிலேயே மாட்டியிருந்தார்கள். வால்வை மூடிய பிறகும் கனமான தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது மோட்டாரே பம்பாக மாறும். அந்த அழுத்தத்தை விட ரிலீஃப் வால்வு வேண்டும். அதுவும் இல்லை.

ஹோஸ் ஒற்றைக் கம்பிப் பின்னல். அரை அங்குல ஒற்றைப் பின்னல் 160 பார் அழுத்தம் வரை தாங்கும், இரட்டைப் பின்னல் 275 பார். என் வண்டி ஓடுவது 200 பாரில். அளவு தெரியக் கூடாதென்று ஹோஸின் மேல் அச்சிட்ட எழுத்தின்மீதும் பெயின்ட்! என் உதவியாளர் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கப் போனான், கத்தி நிறுத்தினேன். ஊசிமுனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். வண்டியை நிறுத்திப் பிரஷரை இறக்குங்கள். அட்டையை வைத்துப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லையென்று வீட்டில் இருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

படங்களை அனுப்பியதும் பட்டறை முதலாளி “பார்க்கலாம் அண்ணே” என்றார். மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை. நேரில் போனேன், முதலாளி வெளியூர் போயிருப்பதாக ஒரு பையன் சொன்னான். உள்ளே இன்னொரு மஞ்சள் புதர்வெட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் யாரோ. அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வாடகைக்கு ஓட்டுபவன் நுகர்வோர் ஆக முடியாது என்று சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிய பொருளுக்கும் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசினேன், பிறகு வழக்குப் போட்டேன். பில் இல்லாத குறையை அவர் கைப்பட எழுதிய தாளும், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரமும், “63 சிசி புது மோட்டார் அண்ணே” என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தியும் ஓரளவு ஈடு செய்கின்றன.

உள்ளூரில் குறைந்த செலவில் செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பெரியவரே இப்போது எனக்கு வேறொன்று செய்கிறார். தகடு வெட்டும்போது கூட நின்றேன். மோட்டாரை நானே பில்லோடு வாங்கிக் கொடுத்தேன். பெயின்ட் இல்லாமல் துருநிற பிரைமரோடு பத்து மணி நேரம் முள்ளில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்று பேச்சு. அவரே அப்படித்தான் வேண்டுமென்றார். மூன்று அங்குலத்துக்கு மேல் கனமான எதிலும் விடாதே என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பனையில் இறங்கிய துண்டை நாங்கள் பிடுங்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். பனைக்குச் சொந்தக்காரரும் சரி என்றுவிட்டார்.