பெர்கமோட் எண்ணெயை முகத்தில் பூசச் சொல்லி விற்கிறார்கள், கவனம்

வாசனை எண்ணெய்களை நேரடி விற்பனை முறையில் விற்பவர்கள் கோவையில் எங்கள் பகுதிக்குள் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பையில் இருக்கும் பெர்கமோட் எண்ணெயை முகத்திலோ கழுத்திலோ அப்படியே பூசச் சொன்னால் பூசாதீர்கள். என் தங்கையின் கழுத்தில் இப்போது இருக்கும் கருங்கோடுகள் அந்தக் குப்பியின் கைவரிசை.

பெர்கமோட் எலுமிச்சை, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த பழம். பெரும்பாலும் இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில் விளைகிறது. ஏர்ல் கிரே தேநீரில் வரும் அந்தத் தனி மணம் இதன் தோலில் இருந்து எடுக்கும் எண்ணெய்தான். நல்ல மணம், அதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் எங்களிடம் விற்ற அம்மாள் மணத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முடி உதிர்தல், முகப்பரு என்று ஒரு மருத்துவமனையே இருந்தது. பட்டியலின் கடைசியில் "கரும்புள்ளி மறையும்". 15 மில்லி குப்பி 1,800 ரூபாய். பில் கிடையாது, செல்போனில் பணம் அனுப்பினால் போதுமாம்.

தங்கை பள்ளி ஆசிரியை, ஸ்கூட்டரில் போய் வருபவள். காலையில் குளித்ததும் இரண்டு சொட்டு கழுத்திலும் தாடையிலும் தடவிக்கொள்ளச் சொன்னார் அந்த அம்மாள். தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, கலந்தால் சக்தி குறைந்துவிடும் என்று பதில். தடவிக்கொண்டு வெயிலில் போனாள். மறுநாள் கழுத்து சிவந்து எரிந்தது, பிறகு கொப்புளம். கொப்புளம் அடங்கியபோது எண்ணெய் வழிந்த தடம் எதுவோ அதே தடத்தில் பழுப்புக் கோடுகள். புடவைத் தலைப்பு மறைத்த இடத்தில் ஒன்றும் இல்லை.

தோல் மருத்துவர் அந்தக் கோடுகளைப் பார்த்தவுடனே, என்ன பூசினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பழத்தோலை அழுத்திப் பிழிந்து எடுக்கும் பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும், பிறகு கருக்கும். கருமை மறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பச்சை எலுமிச்சையைக் கைநிறையப் பிழிந்துவிட்டு வெயிலில் நிற்பவர்களுக்கும் இதே புண் வருவதுண்டு. அழகுக்காக எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெளியே கிளம்புபவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். இனிப்பு ஆரஞ்சு எண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயிலும் பயமில்லை, ஏனென்றால் இந்தக் கனமான பொருள்கள் ஆவியோடு ஏறி வருவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், குப்பியில் இருந்தது அசல் சரக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். செயற்கை வாசனை கலந்த போலியாக இருந்திருந்தால் அவள் கழுத்து தப்பித்திருக்கும்!

வாசனைப் பொருள் தயாரிப்பாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தோலிலேயே தங்கும் பூச்சுகளில் இந்த எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அவர்களுடைய சர்வதேச அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய எட்டுச் சொட்டு. பெர்காப்டனை நீக்கிய பெர்கமோட் எண்ணெயும் சந்தையில் தனியாகக் கிடைக்கிறது. எங்கள் குப்பியில் எப்படி எடுத்தது, எங்கே தயாரித்தது, எந்தத் தேதி என்று ஒரு வரிகூட இல்லை. வெயில் எச்சரிக்கையும் இல்லை. "100% தூய்மை" மட்டும் தங்க எழுத்தில்.

புண்ணைக்கூட மன்னித்துவிடலாம். அதைக் காட்டியபோது வந்த பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பயப்படாதீர்கள் அக்கா, உடம்பில் சேர்ந்திருக்கும் நச்சு வெளியே வருகிறது. நிறுத்திவிடாமல் தொடர்ந்து பூசுங்கள்."

கொப்புளத்தின் மேல் மறுபடியும் பூசச் சொல்கிறார்! அவருக்கு மேலே இருக்கும் விற்பனையாளரிடம் பேசினேன். அவரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்துகொடுப்பார்கள் போலிருக்கிறது. திறந்த குப்பிக்குப் பணம் திரும்பத் தர மாட்டார்களாம். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் தங்கை கழுத்தின் படத்தைப் போட்டதும் அவளைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

இதே வார்த்தையை உங்களிடமும் யாராவது சொன்னால் எண்ணெயை உடனே நிறுத்துங்கள், அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். படம் எடுத்து வையுங்கள், பிரசுரத்தையும் பத்திரப்படுத்துங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது, ஆகவே அந்தத் தாள் நல்ல சாட்சி. நேரடி விற்பனை நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவர் பெயரைக் கேளுங்கள், பேச்சின் தொனி மாறும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாததால் பணம் அனுப்பிய விவரத்தையும் மருத்துவரின் சீட்டையும் வைத்து அங்கே புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஒருமுறை அழைத்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அதே விலைக்கு லாவெண்டர் எண்ணெய் தருகிறாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.