ஆறு வருஷம், ஒரே வீடு: மைன்கிராஃப்டில் என் மரச்சட்ட வீட்டு அனுபவம்

போன வாரம் அக்கா மகள் ஒரு படம் அனுப்பினாள். பிளாக்குகளை அடுக்கிக் கட்டுகிற வீடியோ கேம் மைன்கிராஃப்ட், அதில் அவள் கட்டிய வீடு. கீழே கோபிள்ஸ்டோன் என்ற கரடுமுரடான கல், மேலே ஓக் மரப் பலகை (பிளாங்க்), நாலு மூலையிலும் மரத்தண்டு (லாக்), அதற்கும் மேலே சரிவான கூரை. "சித்தி, எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கேன், ஆனாலும் பெட்டி மாதிரியே இருக்கு. உங்க வீடு மட்டும் எப்படி அப்படி இல்ல?" என்று கேட்டிருந்தாள். மூன்று வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்து ஆசையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டன. அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

என் வீட்டை 2019 மே மாதம் தொடங்கினேன். ஜாவா எடிஷன் என்ற கணினிப் பதிப்பு, எல்லாப் பொருளையும் நாமே வெட்டிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் முறை. ஆட்டத்தின் 1.14 அப்டேட் வெளியாகி சில வாரம் ஆகியிருந்தது. லாந்தர், பேரல், கேம்ப்ஃபயர், ஸ்டோன்கட்டர் எல்லாம் அந்த அப்டேட்டில் வந்தவை. பழைய கால வீடு கட்டுகிறவர்களுக்கு அது தீபாவளி. அன்றிலிருந்து அதே உலகம், அதே வீடுதான். பெரிதாக்கவில்லை, பிரித்துப் பிரித்துச் செதுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

ஜெர்மனியில் க்வெட்லின்பர்க் என்று ஒரு பழைய ஊர் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். அந்த வீடுகளின் படங்களை நாள்கணக்கில் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. வெளியே தெரிகிற கட்டைகளுக்கெல்லாம் ஒரு வேலை இருக்கிறது. தூண் கூரையின் பாரத்தை இறக்குகிறது. குறுக்குச் சட்டம் மாடியைத் தாங்குகிறது. சாய்வுக் கட்டை, காற்றில் சட்டம் ஒருக்களித்துவிடாமல் பிடிக்கிறது. நடுவே உள்ள வெள்ளைச் சுவர் எதையும் தாங்காது. குச்சிப் பின்னலில் வைக்கோல் கலந்த மண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. மரம் ஈரத்தில் உளுத்துப்போகக்கூடாது என்று அடியில் கல். மாடி தெருப் பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டலுக்கு அடியில் முட்டுக் கட்டைகள்.

அவளிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்: எதைத் தொங்கவிடலாம், எதை ஒட்டலாம் என்று தேடாதே கண்ணு, எது எதைத் தாங்குகிறது என்று பார். மூலைத் தூண்களைச் சுவரிலிருந்து ஒரு பிளாக் வெளியே தள்ளு. மாடியையும் ஒரு பிளாக் முன்னால் இழு. சுவர் தானாக உள்ளே போய்விடும், நிழல் விழும், வீடு வீடாகத் தெரியும். இதற்குப் பத்து நிமிஷம் போதும். அலங்காரம் எல்லாம் அதற்கப்புறம்.

கூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் அகலம் ஒற்றைப்படையில் இருக்கட்டும், உச்சியில் ஒரே வரிசை ஸ்லாப் (அரை உயர பிளாக்) ஓடும். சரிவு செங்குத்தாக வேண்டுமென்றால் ஒரு முழு பிளாக், அதன் மேல் ஒரு ஸ்டேர் (படி வடிவ பிளாக்) என்று மாற்றி மாற்றி ஏற்று. கூரையின் மரமும் சட்டத்தின் மரமும் ஒரே நிறமாக இருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

இப்போது என் சந்தோஷத்துக்கு வருகிறேன்: ட்ராப்டோர். தரையில் பொறிக்கதவு வைக்கத்தான் அது இருக்கிறது, ஆனால் ஆறு வருஷத்தில் அந்த வேலைக்கு நான் வைத்தது ஒன்றோ இரண்டோ. 2018-இல் 1.13 வந்தபோது ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி ட்ராப்டோர் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஓக்கும் இரும்பும் மட்டும்தான். ஒரு பிளாக்குக்கு 16 பிக்சல் கனம் என்றால் ட்ராப்டோருக்கு மூன்றே பிக்சல். ஆட்டத்தில் பலகை என்று மனசார சொல்லக்கூடிய பொருள் எனக்கு இது ஒன்றுதான்.

பூத்தொட்டி செய்வதைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு அடியில், சுவரை ஒட்டி ஒரு கிராஸ் பிளாக் (புல் முளைத்த மண்) வை. அதன் முன்பக்கத்தில் ஸ்ப்ரூஸ் மர ட்ராப்டோரை வை, அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ரைட் கிளிக் செய். 'டக்' என்று மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிமிரும். இரண்டு பக்கமும் அப்படியே. மண் மறைந்து, பலகை அடித்த தொட்டி கிடைத்துவிடும். மேலே ஒரு ஆக்ஸ்ஐ டெய்சி. அந்த 'டக்' சத்தம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஜன்னல் கதவுக்கும் இதே வித்தைதான், கிராஸ் பிளாக் இருந்த இடத்தில் சுவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

விலைதான் கை கடிக்கும். ஆறு பிளாங்க் போட்டால் இரண்டு ட்ராப்டோர். ஒரு ஜன்னலுக்கு நான்கு வேண்டும், அதாவது பன்னிரண்டு பிளாங்க், மூன்று லாக். என் வீட்டில் பதினொரு ஜன்னல். கல்லுக்கு ஸ்டோன்கட்டர் இருக்கிறது, ஒரு கல் போட்டால் ஒரு ஸ்டேர் என்று சேதாரமில்லாமல் வெட்டித் தரும். மரத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஆறு பிளாங்குக்கு நாலு ஸ்டேர்தான்.

அந்த ஸ்டேர்தான் என் கோபம். 2019-இல் எரிச்சல் தந்தது, இன்றும் தருகிறது.

ஸ்டேர் தன்னிஷ்டத்துக்கு வளையும். குறுக்காக நிற்கும் இன்னொரு ஸ்டேர் அதன் முன்னாலோ பின்னாலோ வந்துவிட்டால், அதுவே மூலையாக மாறிக்கொள்ளும். கூரை மூலையில் இது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் என் வாசலைப் பாருங்கள். வாசலின் மேல்மூலைகளில் தலைகீழ் ஸ்டேர் இரண்டு எதிரெதிராக வைத்து வளைவு செய்திருந்தேன். அதற்கு நேர் முன்னால், மாடி நீட்டலுக்கு அடியில் முட்டுக் கட்டைகள். அவையும் தலைகீழ் ஸ்டேர். வரிசையில் மற்ற கட்டைகள் எல்லாம் நேராக நின்றன. வாசலுக்கு மேலே உள்ள இரண்டு மட்டும், பின்னால் இருக்கும் வளைவைப் பார்த்துவிட்டு, கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி அடிப்பாதியில் பாதியை இழந்து நின்றன. தெருவிலிருந்து வருகிறவர் கண் முதலில் விழுகிற இடம் அதுதான்! எடுத்து வைத்தேன், திரும்பி நின்று வைத்தேன், வளைவை முதலில் எடுத்துவிட்டுக் கட்டையை வைத்துப் பார்த்தேன். வளைவு திரும்ப வந்த அந்த நொடியே கட்டை மறுபடி வளைந்தது. பக்கத்தில் அதே திசையில் இன்னொரு ஸ்டேரை ஒட்டி வைத்தால் நேராக நிற்கும். ஆனால் தனித்தனிக் கட்டை என்ற அழகு போய்விடும். கட்டளை போட்டு, பிளாக்கின் நிலையை மாற்றுகிற டீபக் ஸ்டிக் எடுத்து, எல்லாப் பொருளும் இலவசமாகக் கிடைக்கிற கிரியேட்டிவ் முறையில் நிமிர்த்தலாம். பக்கத்து பிளாக்கில் எதையாவது மாற்றினால் திரும்ப வளைந்துகொள்ளும். சர்வைவலில் ஒழுங்காக ஆடுகிறவருக்கு அந்தக் குச்சியும் இல்லை.

எது எதைத் தாங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிற வீட்டில், மாடியைத் தாங்குகிற கட்டையே இப்படி நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. ஸ்டேரை நேராக நிறுத்த ஒரு சின்ன வழி, ஷிஃப்ட் அழுத்தி வைத்தால் வளையாது என்பது போல ஒன்று, இத்தனை வருஷத்தில் வந்திருக்கலாம். கடைசியில் வளைவின் இரண்டு ஸ்டேரையும் எடுத்துவிட்டு அங்கேயும் ட்ராப்டோர் வைத்தேன். கட்டைகள் நிமிர்ந்தன. வளைவு போனது போனதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கு நெதர்ராக் (மூட்டிய தீ அணையாத கல்) வைத்துத் தீ மூட்டாதீர்கள். 2020-இல் அப்படி மூட்டியதில் தீ பிளாங்க் கூரைக்குத் தாவி என் மாடி முழுக்கப் போனது. கேம்ப்ஃபயர் பரவாது. அதன் அடியில் வைக்கோல் கட்டு வைத்தால் புகை பத்து பிளாக்குக்குப் பதில் 24 பிளாக் உயரம் போகும். சாயங்கால வெளிச்சத்தில் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு 1.17-இல் வந்த கால்சைட் கல் நன்றாக இருக்கிறது. 2022-இல் 1.19-இல் பேக்டு மட் வந்தது. மண் சேற்றோடு கோதுமையைச் சேர்த்தால் கிடைக்கும். நம் ஊரில் மண் சுவருக்கு வைக்கோல் போட்டு மிதிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் செய்முறையைப் பார்த்த அன்று பின்கட்டுச் சுவர் முழுவதையும் பிரித்து அதில் கட்டினேன். வெள்ளைப் பூச்சு உதிர்ந்த இடம் போலத் திட்டுத் திட்டாக முன்பக்கத்திலும் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே எனக்குப் பிடித்த சுவர் அது.

இவ்வளவு சொல்லிவிட்டு அவளுக்குக் கொடுத்த தீர்ப்பு இதுதான்: சர்வைவலில் மரச்சட்ட வீடு கட்டாதே. மரம் வெட்டியே லீவு போய்விடும், வாசலில் ஸ்டேர் உன்னை அழவைக்கும். கல் வீடு கட்டு, இல்லையென்றால் கிரியேட்டிவுக்குப் போ. வாசலை நினைத்துக்கொண்டு சொன்னேன், அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அவள் கேட்கவில்லை. நேற்று அனுப்பிய படத்தில் பழைய வீட்டை இடித்துவிட்டு, பக்கத்தில் ஸ்ப்ரூஸ் கன்று நான்கைத் தள்ளித் தள்ளி நட்டிருந்தாள். இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்து நடு, அப்போதுதான் பெரிய மரம் வரும் என்று சொன்னேன்.