கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய மடக்கு செஸ் பலகை: ராஜாவை நடக்கவிட்டுப் பார்த்தேன்

4,500 ரூபா சொன்னார்கள், பேரம் பேசி 3,800க்கு எடுத்தேன். மரம், நடுவில் பிணைச்சல், உள்ளே காய் வைக்கப் பச்சை வெல்வெட் துணி. பார்க்க அழகுதான்.

புதுப் பலகை எது வந்தாலும் 1872இல் வியன்னாவில் ஹம்பேயும் மைட்னரும் ஆடிய ஆட்டத்தைத்தான் அதில் முதலில் ஓட்டிப் பார்ப்பேன். (இந்த மைட்னர், இயற்பியலாளர் லீஸ மைட்னரின் அப்பா.) 18 நகர்வில் சமநிலை, ஆனால் சும்மா கைகுலுக்கிய ட்ரோ இல்லை. கறுப்பு மூன்றாவது நகர்விலேயே பிஷப்பைத் தூக்கிக் கொடுக்கிறது, ஒன்பதாவதில் ஒரு குதிரைக்காக ராணியையே கொடுக்கிறது, வெள்ளை ராஜா பாவம் எஃப்2, ஈ3 (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) என்று இழுபட்டு ஏ4க்குப் போய், பி4இலிருந்து சி5க்கு ஏறுகிறது. அந்த இடத்தில்தான் பிணைச்சல். நாலாம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவு இடைவெளி, ஒரு பாதி மற்றதைவிடக் கொஞ்சம் உயரம், காயைத் தள்ளினால் தட்டி விழுகிறது, தூக்கித்தான் வைக்கவேண்டும்.

பெரிய குறை அதுவும் இல்லை, பிஷப்தான். தலையில் வெட்டே சரியாக விழவில்லை, சிப்பாயைவிட ஒரு நூல் உயரம், அவ்வளவுதான். கடைசியில் வெள்ளை ராஜா சி6இல் நிற்க, கறுப்பு பிஷப் பி7இல் காவல் இல்லாமல் நின்று அதற்கு செக் கொடுக்கும். வெள்ளை ராஜா பிஷப்பை எடுத்தால் கறுப்பு ராஜா டி7க்கு வந்துவிடும், வெள்ளை ராணி ஜி4இல் செக் வைத்தாலும் அது டி6க்கு நகர்ந்துவிடும், பிறகு எச்8இல் நிற்கிற கறுப்புக் கோட்டை பி8க்கு வந்தால் மேட். அதனால் ராஜா எடுக்காமல் பி5க்கு விலக, பிஷப் ஏ6இல் செக், ராஜா திரும்ப சி6, பிஷப் திரும்ப பி7, இப்படியே போய் சமநிலை. ஆட்டத்தின் உயிரே அந்த பிஷப்தான், இந்தப் பலகையிலோ ஏ5, பி6 சிப்பாய்களுக்குப் பக்கத்தில் அது ஏ6இல் நின்றால் மூன்று சிப்பாய் நிற்கிறமாதிரி இருக்கிறது!

கட்டத்தின் அளவு சரி, ஒரு கட்டத்துக்குள் நாலு சிப்பாய் அடங்குகிறது. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியானால் வைக்க மேலதிக ராணி இல்லை. கேட்டதற்கு, "அண்ணா, செட் அப்படித்தான் வரும்" என்றான் கடைத் தம்பி. பிள்ளைக்குப் போட்டிக்கு என்றால் அதே கடையில் தொங்குகிற சுருட்டுகிற விரிப்பையும் பிளாஸ்டிக் காயையும் எடுங்கள், விலையும் குறைவு. மரம்தான் வேண்டும் என்று நின்றால் பெட்டியைத் திறந்து பிஷப்பையும் சிப்பாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், மாற்றித் தரமாட்டார்கள்.